டிராக்டருக்கு முன்னால் இரும்பு மாட்டியாயிற்று, கன்னியப்பா

என் கண்ணே, என் தம்பி கன்னியப்பா,

இன்று காலையில் நம்ம டிராக்டர் மணலில் இறங்கியது. நீ இல்லாமல் இறங்கியது. இதை உனக்கு யாராவது சொல்லியாக வேண்டும். நான்தானே சொல்ல வேண்டும்?

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். என் எழுத்து கோணல்மாணலாக வரும், பார்த்தால் நீ சிரிப்பாய். அடையாற்றில் நான் மீன் கொடுக்கிற வீட்டு டீச்சரம்மாதான், "மனசுல இருக்கறத எழுதிக் குடு கஸ்தூரி, பிழைய நான் பாத்துக்கறேன். எங்க மாதா கோயில் பத்திரிகைல போடச் சொல்றேன்" என்றார்கள். பத்திரிகையில் போட்டால் மற்ற கரைக்காரர்களும் படிப்பார்களா என்று கேட்டேன். படிப்பார்கள் என்றார்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் இது உனக்குத்தான்.

அந்த வண்டி குப்பத்துக்கு வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? செங்கல்பட்டுப் பக்கம் யாரோ ஏர் ஓட்டிக்கொண்டிருந்த பழைய டிராக்டர். கட்டுமரமாக இருந்தவரைக்கும் நாலு பேர் தூக்கிக் கரையில் போட்டுவிடுவார்கள். பைபர் போட்டு, அந்தப் பெரிய படகு, வந்த பிறகு, அதுக்கு ஒரு இன்ஜின், அதுக்கு மேல் வலை, மீன் என்று, ஆம்பளைகள் தோள்பட்டை கழன்றுவிடும்போல் இழுத்தார்கள். ஊரே சேர்ந்து அந்த வண்டியை வாங்கியது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்தோம். நீதான் உடைத்தாய். ஒரே போடு, நாலாகச் சிதறியது.

முதல் போட்டை இழுத்தபோதே அது முன்னங்காலைத் தூக்கிவிட்டது. பின்னால் கயிற்றில் அவ்வளவு பாரம், முன்னால் ஒன்றும் இல்லை. முன்சக்கரம் இரண்டும் மணலை விட்டு எழும்ப, ஓட்டிய ஏழுமலை அலறிக்கொண்டு கீழே குதித்தான். எல்லோரும் சுற்றி நின்று பேசினார்கள். முன்னால் கல் கட்டலாம் என்றான் ஒருத்தன், மணல் மூட்டை என்றான் இன்னொருத்தன். நீ அந்தப் பக்கமாக இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு நின்றாய். போட்டுக்காரன் கோதண்டம் உன்னைப் பார்த்தான்.

"டேய் குண்டு, இங்க வாடா. நீ கீறச்சொல்ல எங்களுக்கு கல்லு இன்னாத்துக்கு, மூட்ட இன்னாத்துக்கு?"

"இட்லி துன்னுட்டு வரேன் நைனா."

"துன்னுட்டே வா. இன்னும் ரெண்டு துன்னு, வெயிட்டு ஏறட்டும்."

கரையே சிரித்தது. நீயும் சிரித்தாய். முன் பம்பரில் ஏறி உட்கார்ந்தாய். வண்டி முன்னங்காலை மண்ணில் ஊன்றிக்கொண்டு போட்டை இழுத்துக்கொண்டு போனது. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும்தான் பார்த்துச் சிரித்தேன்.

உன் உடம்பால் நீ பட்ட பாடு எனக்குத்தானே தெரியும். பிறந்ததிலிருந்தே கனம். அம்மா மீன் விற்கப் போய்விடுவாள், உன்னை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு நான் திரிந்தேன். இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தே போயிற்று. இன்றைக்கும் நான் நடக்கிறபோது அப்படித்தான் சாய்ந்து நடக்கிறேன், கூடை அதில் நன்றாக உட்காருகிறது. வயசுப் பிள்ளையான பிறகு நீ கட்டுமரம் ஏறப் போனாய். மரம் தண்ணியில் முழுகியது. போட்டில் கேட்டாய். "நீ ஏறிட்டீன்னா மீனை எங்க நைனா போடறது?" என்று இறக்கிவிட்டார்கள். எல்லோரும் கடலுக்குப் போக, கரையில் வலையைப் பிரித்துக்கொண்டு, உட்கார்ந்திருக்கும் கிழவர்களோடு நீயும் உட்கார்ந்திருந்தாய். அப்போது நீ யாரோடும் பேசமாட்டாய்.

பிறகு இந்த வண்டி வந்தது. உன் கனத்துக்கு ஒரு வேலை வந்தது.

முன்பக்க இரும்பில் வரிசையாக ஓட்டைகள் இருந்தன. அதில் ஒரு நைலான் கயிறைக் கோத்து, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி செய்துகொண்டாய். சாக்கை மடித்து மெத்தை போட்டாய். வண்டி கரையேற்றுகிற ஒவ்வொரு போட்டுக்கும் ஓட்டுகிறவனுக்கு ஒரு பங்கு, முன்னால் உட்காருகிறவனுக்கு ஒரு கைப்பிடி மீன் என்று ஊர் வழக்கம் ஆயிற்று. அந்தக் கைப்பிடி மீனைத் துண்டில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வருவாய்.

"யக்கா, இன்னிக்கும் குந்திகினே சம்பாரிச்சுட்டேன்" என்பாய்.

"ஆமாண்டா, கலெக்டர் உத்தியோகம்."

"கலெக்டர் எறங்கிட்டாருன்னா ஆபீஸ் நடக்கும்கா. நான் எறங்கிட்டா வண்டி நடக்காது. நான்தான் அத்த புட்ச்சினு கீறேன்."

எவ்வளவு பெருமையாகச் சொல்வாய். என் வீட்டுக்காரர் போன பிறகு அந்த வீட்டில் நீயும் நானும்தானே. நீ சிரித்தால் வீடு சிரிக்கும். அடையாற்றில் வீடு வீடாகப் போகிறபோது எல்லாரிடமும் சொல்வேன், என் தம்பி டிராக்டரில் வேலையாக இருக்கிறான் என்று. டிரைவரா என்று கேட்பார்கள். இல்லை, முன்னால் என்பேன். அவர்களுக்குப் புரியாது.

அந்த நாளை நான் முழுசாக எழுதப் போவதில்லை, தம்பி. மழைக்காலம். மணல் ஊறிக் கிடந்தது. கோதண்டத்தின் போட்டு வலையும் தண்ணியுமாகப் பாறை மாதிரி இருந்தது. ஏழுமலை முடுக்கினான். முன்பக்கம் தூக்கியது. இதுக்கு முன்னும் கொஞ்சம் தூக்கியிருக்கிறது, நீ "ஏய், ஏய்" என்று மாட்டை அதட்டுவதுபோல அதட்டுவாய், இறங்கிவிடும். அன்றைக்கும் நீ அப்படித்தான் அதட்டினாய். நான் கேட்டேன். அலையைத் தாண்டிக் கேட்டது. அப்போது போட்டு ஊறிய மணலிலிருந்து விடுபட்டுக் கயிறு தொய்ந்தது, தூக்கிய முன்பக்கம் தொப்பென்று விழுந்தது. நீ உட்கார்ந்த இடத்திலிருந்து முன்னால் சரிந்தாய். வண்டி உன் பக்கமாகத்தானே வந்துகொண்டிருந்தது.

கயிறு கடைசிவரைக்கும் உன் கையில் இருந்தது. இதற்கு மேல் எழுத மாட்டேன்.

உன் காரியம் முடிந்த மறுநாள், போட்டு வந்துவிட்டது என்று யாரோ வண்டியைக் கிளப்பினார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. ஓடிப்போய் அதன் முன்னால் மணலில் படுத்துவிட்டேன். "என் மேல ஏத்திட்டு இட்டுகினு போங்க" என்று கத்தினேன். தலையில் மணலை வாரிப் போட்டுக்கொண்டேன். நான் உயிரோடு இருக்கிறவரைக்கும் இந்த வண்டி கரையில் ஓடக்கூடாது என்றேன். ஊர்த் தலைவர் வந்து இன்ஜினை நிறுத்தச் சொன்னார். "கஸ்தூரி சொல்றவரிக்கும் வண்டி எறங்காது" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அவ்வளவுதான். வலை பின்னுகிற கொட்டகைக்குப் பக்கத்தில் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். அதன் கீழே நாய் ஒன்று குட்டி போட்டது.

அதுக்குப் பிறகு மறுபடியும் தோள்தான், கயிறுதான். ஆம்பளைகள் போதாமல் பொம்பளைகளும் இழுத்தோம். நானும் இழுத்தேன். உள்ளங்கைத் தோல் உரிந்தது. வயசானவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் போனால் பேச்சை நிறுத்திவிட்டு வழி விடுவார்கள். அது எனக்குத் தாங்கவில்லை, கன்னியப்பா. ஒருத்தராவது திட்டினால் நானும் திட்டலாம், கொஞ்சம் அழலாம்.

கடைசியில் பக்கத்து வீட்டுப் பச்சையம்மா திட்டினாள். அவள் புருஷனுக்கு இழுத்து இழுத்து இடுப்பு பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியவில்லை. வாசலில் நின்று கத்தினாள்.

"தே கஸ்தூரி! உன் தம்பி பூட்டான், வயிறு எரியுது, எங்களுக்கும்தான் எரியுது. அதுக்குன்னு ஊர்ல கீற ஆம்பளைங்க இடுப்பெல்லாம் ஒடியணுமா? வண்டியா அவனக் கொன்னுது? முன்னாடி ஒரு ஆளக் குந்த வெச்சு எல்லாரும் பாத்து இளிச்சோமே, அது கொன்னுது! நீ இளிக்கல? நான் இளிக்கல?"

நான் கதவைச் சாத்திக்கொண்டேன். மறுநாள் அவளே கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். "துன்னு. துன்னுட்டு என்னத் திட்டு" என்றாள். நான் குடித்தேன். திட்டத் தோன்றவில்லை.

ஏழுமலையைப் பற்றி நீ கேட்பாய். அவன் உன் சிநேகிதன். உன் காரியத்துக்குப் பிறகு அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. போட்டுக்கும் போகவில்லை. என்னைத் தெருவில் கண்டால் சந்தில் நுழைந்துவிடுவான். பச்சையம்மா கத்திய அந்த வாரத்தில் அவனே என் வாசலுக்கு வந்தான். கூட ஒரு பெரியவர், கையெல்லாம் கிரீஸ். மெக்கானிக் பாய், டிராக்டர் வேலை தெரிந்தவர்.

"யக்கா, வண்டிய ஓட்டறதுக்கு இவர இட்டுகினு வரல. இவரு சும்மா பாக்கட்டும். அன்னிக்கு ஏன் தூக்கிச்சுன்னு எனக்குத் தெரிஞ்சாவணும். இல்லன்னா எனக்குப் பைத்தியம் புடிச்சிரும்க்கா."

போனோம். தார்ப்பாயை விலக்கினார்கள். நாய் உறுமியது, பாய் அதைத் தடவிக்கொடுத்து ஓரமாக விட்டார். முதலில் பின்னால் போய்க் கயிறு மாட்டுகிற இடத்தைப் பார்த்தார். "இவ்ளோ ஒயரத்துலயா மாட்டுனீங்க? கீழ ஒரு கொக்கி கீதே, அதுல மாட்டணும். மேல மாட்டுனா அது பின்னாடி சாயத்தான் பாக்கும்" என்றார். பிறகு முன்னால் வந்தார். உன் நைலான் கயிறு அந்த ஓட்டைகளில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

"இது இன்னா கயிறு?"

நான்தான் சொன்னேன். "என் தம்பி புட்ச்சிக்கறதுக்குப் போட்டது."

பாய் கொஞ்ச நேரம் அந்த ஓட்டைகளை விரலால் தடவினார். "இந்த ஓட்டைங்க இன்னாத்துக்குன்னு யாரும் கேக்கலியாம்மா?"

யாரும் கேட்கவில்லை, தம்பி. ஊரே அந்த வண்டியைச் சுற்றி நின்றது. நீ தினமும் அதில் கை வைத்தாய். யாரும் கேட்கவில்லை.

"இது வெயிட்டு மாட்டறதுக்கு விட்டது. இரும்பு ப்ளேட்டு வரும். வித்தவன் அத்தக் கழட்டி வெச்சிகினு வண்டிய மட்டும் குட்த்துகீறான்."

ஏழுமலை அப்படியே மணலில் உட்கார்ந்து முழங்காலுக்கு நடுவில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். நான் நின்றுகொண்டே கேட்டேன்.

"அத்த மாட்டறதுக்கு எவ்ளோ நேரம் ஆவும் பாய்?"

"இரும்பு கெடச்சா? ஒரு மத்தியானம் போதும்மா."

ஒரு மத்தியானம். நான் அடையாற்றுக்குப் போய்க் கூடையை விற்றுவிட்டு வருகிற நேரம். நீ சாப்பிட்டுவிட்டு நிழலில் படுத்து எழுந்திருக்கிற நேரம். அந்த ஒரு மத்தியானத்தை யாராவது செலவழித்திருந்தால் நீ இன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு கேட்டு என்னைத் தொந்தரவு பண்ணிக்கொண்டிருப்பாய். இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது? சொல்லி என்ன ஆகப்போகிறது?

வண்டியை எரித்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் அடுத்த நாள் கயிறு இழுக்கப் போனபோது பச்சையம்மா புருஷன் வளைந்த இடுப்போடு வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு முன்னால் நின்றார். அவர் முதுகையே பார்த்துக்கொண்டு இழுத்தேன். கரையேறியதும் ஊர்த் தலைவரிடம் போனேன். "இரும்பு மாட்டுங்க" என்றேன். "ஆனா முன்னாடி எவனும் குந்தக்கூடாது. எப்பவும். ஊர் கூட்டி சொல்லுங்க." சொன்னார்.

பழைய இரும்புக் கடையில் ப்ளேட்டுகள் கிடைத்தன. வேறு ஏதோ வண்டியுடையவை. பாய் அவற்றுக்கு ஏற்றபடி ஒரு தாங்கியை வெல்டிங் வைத்து, உன் கயிற்றை அவிழ்த்துவிட்டு, அந்த ஓட்டைகளிலேயே போல்ட்டு போட்டு முடுக்கினார். எத்தனை ப்ளேட் போடுவது என்று பேச்சு வந்தது. ரொம்பவும் போட்டால் முன்சக்கரம் மணலில் புதைந்துவிடும் என்றார். ஏழுமலை தலைகுனிந்துகொண்டு சொன்னான், "அவன் வெயிட்டுக்குச் சமமா போடுங்க பாய். அது போதும்."

உன் எடை யாருக்குத் தெரியும்? கோதண்டத்துக்குத் தெரிந்திருந்தது. ஒருநாள் ஐஸ் வியாபாரியின் பெரிய தராசில் உன்னை ஒரு தட்டில் உட்கார வைத்து, மறு தட்டில் ஐஸ் பார் ஏற்றினார்களே, ஞாபகம் இருக்கிறதா? இரண்டு பாரும் மேலே ஒரு உடைசலும். கரையில் எல்லோருக்கும் அது ஞாபகம் இருக்கிறது. சிரித்த விஷயம் எதையும் இவர்கள் மறப்பதில்லை. அந்தக் கணக்குக்கு இரும்பு ஏற்றினார்கள். கோதண்டத்தின் போட்டில், அன்றைக்கு இருந்த கனம் வருகிறவரைக்கும், ஈர மணலை ரொப்பினார்கள். கயிறைக் கீழ்க் கொக்கியில் மாட்டினார்கள். ஏழுமலை முருகா என்று சொல்லிவிட்டு ஏறினான்.

முன்பக்கம் தூக்கியது.

பாய் நிறுத்தச் சொல்லி, இன்னும் இரண்டு ப்ளேட் மாட்டினார். அப்போதும் சக்கரம் லேசாக எழும்பியது. இன்னும் மாட்டினார். முதலில் மாட்டிய அளவுக்கு மறுபடியும் ஏறிய பிறகுதான் அந்த வண்டி கால் ஊன்றி நின்றது.

"பாத்தியாம்மா. எவ்ளோ குண்டா இருந்தாலும் ஒரு ஆளு பத்தாது. இதுல ஆளு வேற ஆடுவான், இரும்பு ஆடாது" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார் பாய்.

நீ பாதிதான் இருந்தாய், தம்பி. உன்னை மாதிரி இரண்டு பேர் தேவைப்பட்டிருக்கிறது. அத்தனை நாளும் நான்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்றாயே. நானும் நம்பினேனே. உன்னைக் கனம், கனம் என்று மரத்திலிருந்தும் போட்டிலிருந்தும் இறக்கிவிட்டார்களே. அந்த வண்டிக்கு முன்னால் நீ கனமே இல்லை. என் இடுப்பில் இருந்த குழந்தை மாதிரி இருந்திருக்கிறாய். எல்லாரும் போன பிறகு நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நாய் வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டது.

நேற்று ஒருத்தன் வெள்ளை பெயிண்டும் பிரஷுமாக வந்தான். இரும்பில் உன் பெயரை எழுதப் போகிறார்களாம். ஊர் ஆசைப்படுகிறதாம். பக்கத்தில் ஒரு போட்டு படமும் வரைவானாம். நான் கையை நீட்டித் தடுத்தேன்.

"இன்னாக்கா, நம்ம குண்டோட பேரு, யக்கா. மரியாதைக்குத்தான."

"வாணாம். அவன் அங்க குந்துனதே தப்பு. மறுபடியும் அவன அங்க குந்த வெக்காதீங்க."

அவன் பிரஷைப் பெயிண்ட் டப்பாவிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டான்.

இன்று காலையில் முதல் போட்டு கோதண்டத்துடையது. ஏழுமலை என்னைப் பார்த்தான். உன் காரியத்துக்குப் பிறகு இப்போதுதான் நேராகப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். வண்டி கிளம்பியது. கயிறு விறைத்தது. நான் முன்சக்கரத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். தூக்கவில்லை. போட்டு மேலே வந்து நின்றது. யாரும் கை தட்டவில்லை, விசில் அடிக்கவில்லை.

கோதண்டம் பழக்கத்தில் போட்டுக்குள் குனிந்து ஒரு கைப்பிடி மீன் அள்ளிவிட்டான். காரப்பொடி, உனக்குப் பிடித்த பொடிமீன். அள்ளிக்கொண்டு நேராக வண்டியின் முன்னால் நடந்தான். இரும்புக்கு எதிரில் வந்ததும் நின்றுவிட்டான். கையில் மீன் சொட்டிக்கொண்டிருக்கிறது, யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை அவனுக்கு. பெரிய ஆம்பளை, முகம் கோணிக்கொண்டு போயிற்று. பிறகு என்னிடம் வந்து நீட்டினான்.

"நீ வாங்கிக்கோக்கா. இனிமே இது உன்து."

வாங்கத்தான் கை போனது. உன் பங்கு அல்லவா? ஆனால் நான் வாங்கவில்லை. நீ கோபித்துக்கொள்ளாதே.

"போட்லயே போடு கோதண்டம். இந்தப் பங்கு இன்னியோட இல்ல. இந்த ஒரு கை மீனு கீறவரிக்கும் எவனாவது ஒருத்தன் அதுக்காவ அங்க ஏறிக் குந்துவான்."

அவன் திரும்பிப் போய் மீனைக் குவியலில் போட்டான். போட்ட சத்தம்கூட எனக்குக் கேட்டது.

உன் கயிறை நான் எடுத்துக்கொண்டேன். அதில்தான் இப்போது கூடையைக் கட்டுகிறேன். போன வாரம் பட்டினப்பாக்கம் போயிருந்தபோது அங்கேயும் ஒரு டிராக்டர் பார்த்தேன். முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டு போனார்கள். கூடையைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன், இறங்குங்கடா என்று கத்தினேன். "இன்னாம்மே, உனக்கும் எடம் வேணுமா? வா, வந்து குந்து" என்று சிரித்தார்கள். அதே சிரிப்பு, கன்னியப்பா. நம்ம கரையில் சிரித்த அதே சிரிப்பு.

நான் மறுபடியும் போவேன். அடுத்த தடவை பாயைக் கூட்டிக்கொண்டு போவேன். அவர்கள் வண்டியிலும் அந்த ஓட்டைகள் காலியாகத்தான் இருக்கின்றன, பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். எந்தக் கரையில் பார்த்தாலும் கேட்பேன். சிரித்தால் சிரிக்கட்டும், அவர்கள் சிரித்து முடிக்கிறவரைக்கும் வண்டிக்கு முன்னால் நிற்பேன். இனி எவனுடைய அக்காவும் கரையில் கூடையை வைத்துக்கொண்டு நின்று அதைப் பார்க்கக்கூடாது. இதை உன் மேல் ஆணையாகச் சொல்கிறேன்.

நீ இறங்கிவிட்டாயடா. வண்டி நடக்கிறது. நீ பிடித்துக்கொள்ள வேண்டாம், கையை விட்டுவிடு.

உன்னை இடுப்பில் சுமந்து சாய்ந்துபோன,
உன் அக்கா கஸ்தூரி
ஊரூர் குப்பம்